வானிலைப் பதிவேட்டைச் சந்தேகத்தோடு படிப்பது எப்படி?

வானிலை பற்றி நம் காதில் விழும் கூற்றுகளைப் பெரும்பாலும் இரண்டு குவியலாகப் பிரித்துவிடலாம். ‘இதுவரை இல்லாத வெயில்’, ‘நூறாண்டில் காணாத மழை’ என்பவை ஒரு குவியல். ‘ஐம்பது ஆண்டில் இவ்வளவு டிகிரி கூடிவிட்டது’, ‘மழை நாட்கள் குறைந்துகொண்டே வருகின்றன’ என்பவை இன்னொன்று. முன்னது ஒரே ஓர் அளவைப் பற்றியது. அதை உச்சம் என்று வைத்துக்கொள்வோம். பின்னது ஆயிரக்கணக்கான அளவுகளைக் கோத்துப் பார்த்துச் சொல்வது, அது போக்கு. இரண்டையும் நம்புவதற்கு முன் சந்தேகப்பட வேண்டும் என்பதில் தகராறு இல்லை. ஆனால் இரண்டையும் ஒரே மாதிரி சந்தேகப்படக் கூடாது. உச்சத்தைக் கெடுக்கிற பிழை வேறு, போக்கைக் கெடுக்கிற பிழை வேறு. பருவநிலை பற்றிய வாக்குவாதங்களில் பாதி இந்தக் குழப்பத்தில்தான் உழல்கிறது. ஒரு நிலையத்தின் வெப்பமானி பழுது என்று காட்டிவிட்டு, உலகம் சூடாகவே இல்லை என்பார் ஒருவர். உலகம் சூடாகிறது என்பது உறுதி, ஆகவே நேற்று வந்த 52 டிகிரியும் சரியாகத்தான் இருக்கும் என்பார் மற்றவர். இருவரும் செய்யும் தவறு ஒன்றே.

உச்சத்திலிருந்து தொடங்குவோம். 1922 செப்டம்பர் 13 அன்று லிபியாவில், திரிபோலிக்குத் தெற்கே உள்ள எல் அசீசியாவில் 58 டிகிரி செல்சியஸ் பதிவானதாக ஒரு குறிப்பு உண்டு. பூமியில் அளக்கப்பட்ட அதிகபட்ச வெப்பம் இதுவே என்று பொது அறிவுப் புத்தகங்கள் தலைமுறை தலைமுறையாக அச்சிட்டு வந்தன. உலக வானிலை அமைப்பு அமைத்த நிபுணர் குழு அந்த மாதத்தின் மூலப் பதிவேட்டையே தேடி எடுத்தது. லிபிய வானிலைத் துறையின் காலித் எல் ஃபாத்லி குழுவில் முக்கியமானவர். நடுவே 2011 புரட்சி வந்ததால் வேலை பல மாதம் முடங்கிக் கிடந்தது. பதிவேட்டில் செப்டம்பர் 11 முதல் அளவு எடுக்கும் ஆள் மாறியிருப்பது தெரிகிறது. புதியவர் அதிகபட்ச வெப்பத்தைத் தவறான கட்டத்தில் எழுதிக்கொண்டு போயிருக்கிறார். அவர் கையில் இருந்தது பெல்லானி-சிக்ஸ் என்ற பழைய வகை வெப்பமானி. U வடிவக் குழாயில் பாதரசம் ஏறும்போது ஒரு சின்ன எஃகு ஊசியைத் தள்ளிக்கொண்டு போகும். பாதரசம் இறங்கினாலும் ஊசி அங்கேயே நிற்கும். பாதரசத்தைத் தொட்ட கீழ்முனையைத்தான் படிக்க வேண்டும். மேல்முனையைப் படித்துவிட்டால் ஊசியின் நீளம் அப்படியே வெப்பத்தில் சேர்ந்துவிடும். அந்த நீளம் ஏறத்தாழ 7 டிகிரிக்குச் சமம். போதாக்குறைக்கு, கருவி இருந்த தரை அந்தப் பாலை மண்ணே அல்ல, தார் போன்ற கரிய பரப்பு. அக்கம்பக்க நிலையங்களின் அளவோடும் அந்த 58 பொருந்தவில்லை. அதே ஊரில் பின்னாளில் வந்த அளவுகளோடும் பொருந்தவில்லை. 2012 செப்டம்பர் 13 அன்று, சரியாக 90 ஆண்டு கழித்து, அந்தச் சாதனையை உலக வானிலை அமைப்பு ரத்து செய்தது. முதலிடம் கலிஃபோர்னியாவின் டெத் வேலியில் 1913 ஜூலை 10 அன்று பதிவான 56.7 டிகிரிக்குப் போனது. வானிலை வரலாற்றாளர்கள் சிலர் அதையும் விட்டுவைக்கவில்லை. கேள்வி கேட்டபடிதான் இருக்கிறார்கள்.

இந்தக் கதையில் கவனிக்க வேண்டியது அந்த ஆளின் கவனக்குறைவை அல்ல. அப்படிப்பட்ட பிழைகள் எல்லாக் காலத்திலும் எல்லா நாட்டிலும் நடக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை கூட்டத்தில் மறைந்துவிடுகின்றன. 31 டிகிரி இருக்க வேண்டிய இடத்தில் 38 என்று எழுதப்பட்டால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஏற்கெனவே கடும் வெயில் அடிக்கும் ஊரில், கடும் வெயில் நாளில், அதே 7 டிகிரி ஏறினால்தான் அது உலகச் சாதனையாகிறது. பத்தாயிரம் நிலையங்கள் இருக்கின்றன என்று வையுங்கள். பெரும்பாலானவை கால் டிகிரிக்குள் சரியாக அளக்கின்றன, ஒரு சில மட்டும் ஐந்து டிகிரி தவறுகின்றன. அவற்றில் ஆக உயர்ந்த எண்ணை மட்டும் பொறுக்கி எடுத்தால், கையில் வருவது அந்தத் தவறிய நிலையங்களில் ஒன்றாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். அதாவது உச்சத்தைத் தேடும் செயலே பிழையையும் தேடிப் பிடிக்கிறது. ஆகவே ஒரு சாதனை எண் எவ்வளவுக்கு வியப்பூட்டுகிறதோ, அவ்வளவுக்குக் கூடுதல் சாட்சி கேட்பதுதான் நியாயம்.

சாட்சி எங்கே கிடைக்கும்? முதல் சாட்சி பக்கத்து நிலையங்கள். 2024 மே 29 அன்று டெல்லியின் முங்கேஷ்பூர் தானியங்கி நிலையம் 52.9 டிகிரி காட்டியது. நாடு முழுவதும் தலைப்புச் செய்தி. அன்று டெல்லி வட்டாரத்தின் மற்ற நிலையங்களில் 45.2 முதல் 49.1 வரைதான் பதிவாகியிருந்தது. நெடுநாள் பதிவுள்ள சஃப்தர்ஜங்கில் 46.8. இந்திய வானிலை ஆய்வுத் துறை ஆட்களை அனுப்பி, தரமான கருவியைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்ததில், அந்த உணரி ஏறத்தாழ 3 டிகிரி கூடுதலாகக் காட்டுவது தெரிந்தது. சந்தேகப்பட்டவர்கள் ஜெயித்தார்கள். ஆனால் அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். முங்கேஷ்பூரைத் தூக்கிப் போட்ட பிறகும் டெல்லியில் மிச்சமிருப்பது 45-க்கு மேற்பட்ட வெயில்தான். சாதனை பொய்யானதால் வெயில் பொய்யாகிவிடாது.

இதே சோதனையில் தேறிய எண்ணும் உண்டு. 2023 டிசம்பர் 18 காலை முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை என்று அறிவிப்பு வந்தபோது, நம்ப முடியாமல் விழித்தவர்கள் பலர். சமவெளிக் கடலோர ஊரில் ஒரே நாளில் ஓராண்டு மழை என்றால் சந்தேகம் வரத்தான் வேண்டும். ஆனால் பக்கத்தில் திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. தாமிரபரணி கரை மீறியது. தண்டவாளத்தின் அடிமண் அரித்துப்போய் செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றது. மழைமானிக்குச் சம்பந்தமே இல்லாத சாட்சிகள் எல்லாம் ஒரே பக்கம் பேசுகின்றன. 95 என்பது 93 ஆகவோ 97 ஆகவோ இருந்திருக்கலாம். 40 ஆக இருந்திருக்க வழியில்லை. சந்தேகம் என்பது மறுப்பதற்காக எடுத்த ஆயுதம் என்று நினைப்பவர்கள் இந்த இடத்தை வசதியாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள். சோதனையில் தேறிய எண்ணை ஏற்றுக்கொள்வதும் அந்த வேலையில் சேர்ந்ததுதான்.

உச்சத்தைப் பற்றி இன்னொரு சின்ன விஷயம். நம் நாளிதழ்களில் ‘வெயில் சதமடித்தது’ என்று எழுதும் வழக்கம் இருக்கிறது. அது 100 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது சுமார் 37.8 டிகிரி செல்சியஸ். 37.6 வரை வந்த நாள் கணக்கில் வராது, 37.8 வந்த நாள் வரும். உடம்புக்கோ பயிருக்கோ இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் ஒரு கோடையில் எத்தனை நாள் சதம் என்று எண்ணும்போது, கருவி 0.2 டிகிரி நகர்ந்தாலே நாட்களின் எண்ணிக்கை கணிசமாக ஏறி இறங்கிவிடும். இப்படி ஒரு கோட்டைத் தாண்டிய நாட்களை மட்டும் எண்ணும் புள்ளிவிவரத்தைக் கண்டால், அதே மாதத்தின் சராசரியையும் கேட்டு வாங்குங்கள்.

இனி போக்கு. இங்கே நிலைமை தலைகீழ். ஒருவர் ஊசியின் மேல்முனையைப் படித்தார், இன்னொருவர் 3-ஐ 8 என்று எழுதினார் என்பவை போக்கை அதிகம் அசைக்காது. அவை மேலும் கீழுமாகச் சிதறி, ஆயிரக்கணக்கான அளவுகளின் சராசரியில் கரைந்துவிடும். ஒரு வெப்பமானி எப்போதுமே 2 டிகிரி கூடுதலாகக் காட்டினாலும் கவலையில்லை; முதல் ஆண்டும் 2 கூடுதல், கடைசி ஆண்டும் 2 கூடுதல், இடைப்பட்ட மாற்றம் அப்படியே இருக்கும். போக்கைக் கெடுப்பது பிழையின் அளவு அல்ல, காலப்போக்கில் பிழை மாறுவது. கருவி மாறியதா, கூண்டு மாறியதா, இடம் மாறியதா, அளவெடுக்கும் நேரம் மாறியதா, சுற்றுப்புறம் மாறியதா? போக்கைச் சந்தேகிப்பவர் கேட்க வேண்டிய கேள்விகள் இவை. பழுதான வெப்பமானியின் ஒற்றைப் புகைப்படம் இவற்றில் ஒன்றுக்கும் பதில் ஆகாது.

நேர மாற்றத்தைக் கொஞ்சம் விரித்துப் பார்ப்பது நல்லது. நேர்மையாளர்களையே ஏமாற்றக்கூடிய பிழை அது. அதிகபட்ச வெப்பமானியை நாளுக்கு ஒரு முறை படித்துவிட்டு, அந்த நேர வெப்பநிலைக்கு இறக்கி வைப்பார்கள். தினமும் மாலை 5 மணிக்குப் படிக்கிறார்கள் என்று கொள்வோம். திங்கள் மதியம் 40 டிகிரி; மாலை 5 மணிக்கு இன்னும் 39. 40 என்று எழுதிவிட்டுக் கருவியை 39-க்கு இறக்கி வைக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை மேகம் மூடிக்கொண்டு, மதியமே 34-ஐத் தாண்டவில்லை. ஆனாலும் செவ்வாய் மாலை கருவியைப் பார்த்தால் 39 என்றுதான் இருக்கும்; அது திங்கள் மாலையின் மிச்சம். ஆக, ஒரு சூடான நாள் இரண்டு முறை கணக்கில் ஏறுகிறது. காலையில் படித்தால் இதற்கு எதிர்மாறாக, குளிர்ந்த விடியல்கள் இரண்டு முறை ஏறும். அமெரிக்காவில் தன்னார்வலர்கள் நடத்திய ஆயிரக்கணக்கான நிலையங்கள் இருபதாம் நூற்றாண்டில் மெல்ல மெல்ல மாலைப் பழக்கத்திலிருந்து காலைப் பழக்கத்துக்கு மாறின. காலையில் அளந்தால் மழைநீர் ஆவியாகும் முன் பிடித்துவிடலாம் என்ற நல்ல காரணம்தான். விளைவு, வானிலை மாறாமலேயே பதிவேட்டில் ஒரு பொய்க் குளிர்ச்சி புகுந்தது. அதைத் திருத்தினால் அமெரிக்காவின் வெப்ப ஏற்றம் கூடுகிறது. திருத்தத்தை மோசடி என்பவர், திங்கள் மாலையின் 39-ஐ செவ்வாய்க் கணக்கில் விட்டுவைக்கலாமா என்ற கேள்விக்கு முதலில் பதில் சொல்ல வேண்டும்.

கூண்டின் கதையும் இப்படித்தான். வெப்பமானியை உள்ளே வைக்கும் வெள்ளை அடித்த மரச்சட்டக் கூண்டை வடிவமைத்தவர் தாமஸ் ஸ்டீவன்சன். கலங்கரை விளக்கங்கள் கட்டிய பொறியாளர், ‘புதையல் தீவு’ எழுதிய ராபர்ட் லூயி ஸ்டீவன்சனின் தந்தை. அதற்கு முன் பல நாடுகளில் வெப்பமானியைத் திறந்த சட்டத்தில்தான் தொங்கவிட்டார்கள். தரையிலிருந்து எழும் அனல் அதைத் தொட்டது. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் யாரோ முன்யோசனையோடு பழைய சட்டத்தையும் புதிய கூண்டையும் 1887 முதல் பல பத்தாண்டுகள் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்தார்கள். கோடைப் பகல்களில் பழைய சட்டம் ஏறத்தாழ ஒரு டிகிரி கூடுதலாகக் காட்டியது. பழைய பதிவுகளை இறக்கித் திருத்துவதற்கு இதைவிட நேரடியான ஆதாரம் கிடைக்காது. இப்படி ஒப்பீடு இல்லாத இடங்களில் அண்டை நிலையங்களை வைத்துத்தான் பிடிக்கிறார்கள். முப்பது கிலோமீட்டர் தள்ளியுள்ள இரண்டு ஊர்களின் வெப்ப வித்தியாசம் இருபது ஆண்டு ஒரே சீராக இருந்து, ஒரு மாதத்திலிருந்து திடீரென 0.8 தாவினால், இரண்டில் ஒன்றின் நிலையத்தில் ஏதோ நடந்திருக்கிறது. வானிலை அப்படி ஊருக்கு ஊர் சுவர் வைத்துக்கொண்டு மாறாது.

இந்த இடத்தில் ஒரு வலுவான ஆட்சேபம் வரும். திருத்தங்கள் எல்லாம் ஏன் சூட்டைக் கூட்டும் பக்கமே சாய்கின்றன? அமெரிக்க நிலங்களை மட்டும் பார்ப்பவருக்கு இது நியாயமான கேள்விதான். ஆனால் பூமியின் பரப்பில் 71 விழுக்காடு கடல். அந்தக் காலத்தில் கப்பலிலிருந்து வாளியை இறக்கி, கடல் நீரை மொண்டு, மேல்தளத்தில் வைத்து அளந்தார்கள். கித்தான் வாளியாக இருந்தால் ஓரங்களில் நீர் ஆவியாகி, அளப்பதற்குள்ளேயே குளிர்ந்துவிடும். மண்பானைத் தண்ணீர் குளிரும் அதே காரணம். பிறகு எஞ்சினுக்கு உள்ளிழுக்கும் நீரின் வெப்பத்தைக் குறிக்கத் தொடங்கினார்கள். எஞ்சின் அறையின் சூட்டால் அது சற்றுக் கூடுதலாகவே இருக்கும். ஆகவே பழைய கடல் அளவுகள் உண்மையைவிடக் குளிர்ச்சி. அவற்றை ஏற்றித் திருத்த வேண்டியிருக்கிறது. ஏற்றினால் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து இன்று வரையிலான ஏற்றம் குறைகிறது. நிலத்தையும் கடலையும் சேர்த்துப் பார்த்தால், எல்லாத் திருத்தங்களின் நிகர விளைவு உலக வெப்ப ஏற்றத்தைக் கொஞ்சம் குறைப்பதே. சூட்டைப் பெருக்கிக் காட்டும் சதியென்றால், இதைவிட அசட்டுத்தனமான சதி இருக்க முடியாது.

நகரச் சூடு பற்றிய ஆட்சேபம் இன்னும் கனமானது. அதை ஊதித் தள்ளக் கூடாது. சென்னை போன்ற ஊரில் ஏரி போய்க் கான்கிரீட் வந்தால், நிலையம் இருக்கும் இடத்தின் இரவுச் சூடு ஏறத்தான் செய்யும். அமெரிக்காவில் முன்னாள் தொலைக்காட்சி வானிலை அறிவிப்பாளர் ஆன்டனி வாட்ஸ் 2007-இல் தன்னார்வலர்களைத் திரட்டி நிலையங்களைப் படம் பிடிக்க வைத்தார். ஏசியின் வெப்பக் காற்று வீசும் இடத்திலும் வாகன நிறுத்தத்தின் ஓரத்திலும் வெப்பமானிகள் நின்றிருந்தது வெளியே வந்தது. பயனுள்ள வேலை. ஆனால் நிலையம் மோசம் என்பது வேறு, போக்கு மோசம் என்பது வேறு என்று மேலே பார்த்தோம். வாட்ஸும் இணையாசிரியராக இருந்து 2011-இல் வெளிவந்த ஆய்வு, மோசமான இடங்களில் இரவு வெப்பத்தின் ஏற்றம் மிகையாகவும் பகல் வெப்பத்தின் ஏற்றம் குறைவாகவும் பதிவாகியிருப்பதைக் கண்டது; இரண்டையும் சேர்த்த சராசரியின் போக்கோ நல்ல இடங்களோடு ஏறக்குறைய ஒத்துப்போனது. அதே காலத்தில் பழைய பதிவுகளின் மேல் கடுமையாக விமர்சனம் வைத்திருந்த பெர்க்லி இயற்பியலாளர் ரிச்சர்ட் முல்லர், தானே ஒரு குழு அமைத்து எல்லாவற்றையும் முதலிலிருந்து கணக்கிட்டார். புதைபடிவ எரிபொருள் தொழிலோடு தொடர்புள்ள கோக் அறக்கட்டளையின் பணமும் அதில் இருந்தது. 2011-இல் அவர் வந்து சேர்ந்த முடிவு, பழைய கணக்குகள் சரிதான் என்பது. எல்லாவற்றுக்கும் மேலாக, கடலுக்கு நடுவில் வாகன நிறுத்தம் இல்லை; கடலும் சூடாகித்தான் இருக்கிறது.

தரை வெப்பமானியே வேண்டாம், செயற்கைக்கோள் போதும் என்பவர்களும் உண்டு. செயற்கைக்கோள் வெப்பத்தை அளப்பதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜன் உமிழும் நுண்ணலையை அளந்து, அதிலிருந்து கணக்குப் போட்டு வெப்பத்தைச் சொல்கிறது. அலபாமாவில் ஜான் கிறிஸ்டியும் ராய் ஸ்பென்சரும் தொகுத்த வரிசை ஏற்றத்தை மிகக் குறைவாகக் காட்டியபோது, சந்தேகவாதிகளுக்கு அது வேதவாக்கானது. 1998-இல் வேறொரு குழு, செயற்கைக்கோள்களின் சுற்றுப்பாதை மெல்லத் தாழ்ந்துகொண்டே வருவதைக் கணக்கில் சேர்க்கவில்லை என்று காட்டியது. 2005-இல், அவை ஓரிடத்தைக் கடக்கும் நேரம் நகர்வதற்கான திருத்தத்தில் கூட்டல் கழித்தல் குறியே மாறிப்போனது தெரிந்தது. இரண்டையும் சரி செய்தபோது ஏற்றம் கூடியது. திருத்தப்படாத அளவு என்று ஒன்று எங்கும் இல்லை. திருத்தத்தின் காரணம் திறந்து வைக்கப்பட்டிருக்கிறதா, அடுத்தவர் அதைச் சோதிக்க முடியுமா என்பதே கேள்வி.

இவ்வளவும் சொன்ன பிறகு, மறுபக்கத்துக்கும் ஒரு வார்த்தை. உலகச் சராசரியின் போக்கு உறுதியாக இருப்பதால் ஒவ்வோர் ஊரின் போக்கும் உறுதி என்று ஆகாது. இடம் பெயர்ந்த ஒரே ஒரு நிலையத்தை வைத்து ‘எங்கள் மாவட்டம் இத்தனை டிகிரி சூடாகிவிட்டது’ என்று அறிக்கை எழுதுவது முங்கேஷ்பூரைவிட மேலானதல்ல. மழையில் இது இன்னும் மோசம். மழை பக்கத்துத் தெருவுக்கே வேறாகப் பெய்வது. நிலையங்களின் எண்ணிக்கை கூடக் கூட, பெருமழையின் மையம் ஏதாவதொரு மழைமானியில் சிக்கும் வாய்ப்பும் கூடும். அதனால் ‘அதீத மழை அதிகரிப்பு’ என்னும் கணக்கில், இரண்டு காலத்திலும் இயங்கிய அதே நிலையங்களை மட்டும் ஒப்பிட்டார்களா என்று பார்க்க வேண்டும். தொடக்க ஆண்டைத் தேர்ந்தெடுப்பதிலும் இரு தரப்பும் விளையாடுவார்கள். கடல் சூடேறி உலகச் சராசரியைத் தற்காலிகமாக உயர்த்தும் எல் நினோ வலுவாக வந்த 1998-இல் தொடங்கி, வெப்ப ஏற்றம் நின்றுவிட்டது என்று பத்தாண்டுக்கு மேல் வாதாடினார்கள். 2024-இன் உலகச் சராசரி 1850–1900 காலத்தைவிட ஏறத்தாழ 1.55 டிகிரி அதிகம் என்று உலக வானிலை அமைப்பு சொன்னதும், பாரிஸ் ஒப்பந்தத்தின் எல்லையே உடைந்துவிட்டதாக எழுதினார்கள். அந்த எல்லை நீண்டகாலச் சராசரிக்கு உரியது; அந்த ஆண்டின் உயரத்திலும் எல் நினோவுக்குப் பங்கு இருந்தது.

பதிவேட்டைக் கையில் எடுக்கும்போது கடைசியாக இரண்டு நடைமுறை விஷயங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்று, ‘இயல்பு’ எந்தக் காலத்துக்குரியது என்பது. தென்மேற்குப் பருவமழைக்கு இந்திய வானிலை ஆய்வுத் துறை வைத்திருந்த சராசரி, 1951–2000 அடிப்படையில் 89 சென்டிமீட்டர். 1961–2010 அடிப்படையில் 88. 2022 முதல் பயன்படும் 1971–2020 அடிப்படையில் 87. சராசரியில் 96 முதல் 104 விழுக்காடு வரை பெய்தால் இயல்பான மழை. 84 சென்டிமீட்டர் பெய்த ஓர் ஆண்டு, பழைய 89-ஐ வைத்தால் இயல்புக்குக் குறைவு. இன்றைய 87-ஐ வைத்தால் இயல்பு. மழையின் அளவு மாறவேயில்லை. இன்னொன்று தேதி. நம் நாட்டில் மழைநாள் நள்ளிரவில் மாறாது, காலை 8.30-க்கு அளந்து, அதற்கு முந்தைய 24 மணி நேர மழையை அன்றைய தேதியில் எழுதுவார்கள். சென்னை வெள்ளம் வந்த 2015-இல் தாம்பரத்துக்கு டிசம்பர் 2 என்ற தேதியில் 49 சென்டிமீட்டர் இருக்கும். அதில் பெரும்பகுதி டிசம்பர் 1 பகலிலும் இரவிலும் கொட்டியது. செம்பரம்பாக்கம் ஏரியில் எந்த மணிக்கு எவ்வளவு தண்ணீர் திறந்தார்கள் என்ற பட்டியலை இதன் பக்கத்தில் வைத்து யார் மேல் தவறு என்று பார்க்கப் போகிறவர், முதலில் தேதியை ஒரு நாள் பின்னுக்கு நகர்த்தி வைத்துக்கொண்டு தொடங்க வேண்டும்.